வாடகை வீட்டு வெந்நீர்: முதலில் எர்த், அப்புறம் கீசர்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். சென்னை நங்கநல்லூரில் உங்கள் அப்பா 1998-ல் கட்டிய வீடு. கீழே ஒரு போர்ஷன், மாடியில் இரண்டு, மூன்றும் வாடகைக்கு விட்டிருக்கிறது. மூன்றிலும் பழைய 25 லிட்டர் கீசர். தண்ணீர் பெரும்பாலும் போர். மாடி வீட்டுக்காரர் ஒருவர், "குளிக்கும்போது குழாயைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது" என்று சொல்லியிருக்கிறார். இதுதான் சாக்கு என்று எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என நினைக்கிறீர்கள். மைத்துனர் சோலார் என்கிறார். கடைக்காரர் ஹீட் பம்ப் என்கிறார். கீழ் வீட்டுக்காரர் காஸ் கீசரே போதும் என்கிறார். நீங்கள் இருப்பது புனேயில். எதைப் போடலாம், செலவு யாருடையது, வாடகையை ஏற்றலாமா என்பது கேள்வி.

நான் முப்பது வருடமாக வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். ஆதம்பாக்கத்தில் எனக்கும் ஒரு வாடகை வீடு உண்டு. அதனால் இரண்டு பக்கத்து எரிச்சலும் தெரியும்.

மற்றதெல்லாம் இருக்கட்டும். இதைப் படித்ததும் மாடி வீட்டுக்காரருக்குப் போன் செய்து, கீசருக்குப் போகிற எம்சிபியை, அதாவது அதிகக் கரண்ட் போனால் தானே விழுகிற சுவிட்சை, இறக்கிவிடச் சொல்லுங்கள். பாத்ரூம் சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் பேஸும் (கரண்ட் வருகிற வயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகிற வயர்) இடம் மாறியிருக்கும். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் நின்றுகொண்டிருக்கும். நாளைக் காலை அவர்கள் அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிக்கட்டும். ஈர உடம்போடு ஈரத் தரையில் நிற்கிற ஒருவருக்கு "லேசான சுரீர்" என்று ஒன்று கிடையாது. நேற்று லேசாக அடித்தது என்றால் நேற்று அவர் கால் கொஞ்சம் காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கீசர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செலவு செய்யப்போகிற பணத்தில் பாதி இங்கேதான் போக வேண்டும்.

அந்த வருடங்களில் கட்டிய வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு சங்கதி இது. எர்த் என்பது கசிகிற கரண்டைப் பூமிக்குள் இறக்கிவிடுகிற வழி. அதற்கு ஒரு குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறக்கியிருப்பார்கள். சில வீடுகளில் அந்தச் சிரமம்கூட இல்லை. எர்த் வயரைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாய் இரும்பு, மண்ணுக்குள் ஓடுகிறது, அதனால் ஓரளவு வேலை செய்தது. பத்து வருடம் கழித்துக் குழாய் துருப்பிடித்தது என்று பிளம்பர் வந்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைப்பாக மாற்றிவிட்டுப் போனார். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், தண்ணீர் நன்றாக வருகிறது. அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் எர்த் இல்லை என்பது யாருக்கும் தெரியாது. மூன்று பின் சாக்கெட் அப்படியே இருக்கிறது, பச்சை வயரும் இருக்கிறது, போய்ச் சேருகிற இடம்தான் இல்லை.

குழி இருந்த வீட்டிலும் கதை நடக்கும். என் வீட்டிலேயே நடந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று வாசலில் டைல்ஸ் போட்டபோது, எர்த் குழியின் மூடி மேடாக இருக்கிறது என்று மேஸ்திரி அதன் மேலேயே கலவையைப் போட்டு மூடிவிட்டார். கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றக்கூட வழியில்லை. மூன்று வருடம் கழித்து வாஷிங் மெஷின் ஷாக் அடித்தபோதுதான் தேடினேன்.

இதில் இன்னொரு சூட்சுமம். மூன்று போர்ஷனுக்கும் எர்த் வயர் ஒன்றாகச் சேர்ந்து, பூமியோடு தொடர்பு அறுந்து கிடந்தால், கீழ் வீட்டு வாஷிங் மெஷினில் கசிகிற கரண்ட் மாடி வீட்டுக் கீசரின் உடம்பில் வந்து நிற்கும். மாடி வீட்டில் புத்தம்புது கீசர் மாட்டினாலும் சுரீர் போகாது. "புதுசும் ஷாக் அடிக்குது சார், கம்பெனியே சரியில்லை" என்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், எந்த வீட்டில் கசிவு என்று கண்டுபிடிக்காமல் கீசரை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை.

நல்ல எலக்ட்ரீஷியன் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ளுங்கள், போனில் கேட்கலாம். டெஸ்ட் லாம்ப் என்று ஹோல்டரில் ஒரு குண்டு பல்பும் இரண்டு வயரும் வைத்திருப்பார். சாக்கெட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தால் பல்ப் பளிச்சென்று எரியும். அப்புறம் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைப்பார். அதே வெளிச்சம் வந்தால் எர்த் ஓரளவு இருக்கிறது. மங்கலாக எரிந்தால் பலவீனம். எரியவே இல்லை என்றால் எர்த் அறுந்திருக்கிறது. எர்த் இல்லாத வீட்டில் இந்தச் சோதனை நடக்கிற நேரம், அந்த எர்த் வயரோடு சேர்ந்த ஃபிரிட்ஜ், கீசர் எல்லாவற்றின் உடம்பிலும் பல்ப் வழியாகக் கரண்ட் ஏறும். மூன்று வீட்டிலும் யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இதை நீங்களோ குடித்தனக்காரரோ செய்து பார்க்க வேண்டாம். எர்த் மெக்கர் என்கிற, எர்த்தை அளக்கிற கருவி வைத்திருக்கிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது, 5 ஓமுக்குள் காட்டினால் நிம்மதி.

பெரும்பாலும் புது எர்த் போடும்படிதான் ஆகும். இரண்டரை மீட்டர் நீள ஜிஐ பைப், ஒரு குழி, மேலே திறந்து மூடுகிற மூடி. அங்கிருந்து மூன்று வீட்டு மீட்டர் போர்டுக்கும் தனித்தனியாக வயர். கூடவே ஒவ்வொரு போர்ஷனுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. எர்த் சரியாக இல்லாத ஒருநாளிலும் உயிரைக் காப்பாற்றுகிற சாமான் அது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லை என்றால், அந்த வித்தியாசம் யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். எம்சிபி இந்த வேலையைச் செய்யாது, அது வயரைக் காப்பாற்றுவதற்கு.

ஆர்சிசிபி போட்டதும் ஒரு தொல்லை வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். அடிக்கடி விழும். குடித்தனக்காரர் கோபப்படுவார். வந்து பார்க்கிற ஆள் "இது சரிப்படாது" என்று பைபாஸ் செய்துவிட்டுப் போவார். நான் வேலை எடுத்த ஒரு வீட்டில் இப்படி யாரோ வயரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆர்சிசிபி பெட்டிக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது, அதன் வழியாக ஒரு மில்லி ஆம்பியர்கூடப் போகவில்லை. விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒரு போர்ஷனின் நியூட்ரலை இன்னொரு போர்ஷனின் விளக்குக்குக் கடன் வாங்கியிருப்பார்கள், மாடிப்படி விளக்கு இதில் முதல் குற்றவாளி. இல்லாவிட்டால் கீசரின் எலிமென்ட்டில், அதாவது தண்ணீரைச் சூடாக்குகிற கம்பியில், மயிரிழை விரிசல் விழுந்து, சூடேறும்போது மட்டும் கசியும். போட்டு ஐந்து நிமிடம் கழித்து விழுகிறது என்றால் எலிமென்ட்டைச் சந்தேகியுங்கள். ஆர்சிசிபியைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

சரி, இப்போது கீசர்.

எல்லோரும் விலையைப் பேசுகிறார்கள், வெந்நீர் எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. சென்னையில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 28 டிகிரி இருக்கும். உடம்புக்கு இதமான வெந்நீர் 40. ஒருவர் குளிக்க ஒரு வாளி, 20 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர், 12 டிகிரி, 240 கிலோ கலோரி. கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடிந்தது. அதுவும் வருடம் முழுக்க இல்லை. கார்த்திகை முதல் மாசி வரை தினமும் போடுவார்கள். மற்ற மாதங்களில் வயதானவர்களும் கைக்குழந்தையும் எண்ணெய்க் குளியலும்தான். சித்திரையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருகிறது, அதை ஆறவைக்கத்தான் வழி தேட வேண்டும். எல்லாம் சேர்த்து, சூடாகி ஆறிப்போகிற நஷ்டத்தையும் சேர்த்து, ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 300 யூனிட் வைத்தாலே தாராளம். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் 1,500 ரூபாய்.

இந்த 1,500 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு மற்ற யோசனைகளைப் பாருங்கள்.

ஹீட் பம்ப் நல்ல சாமான். ஏசியைத் திருப்பிப் போட்டது மாதிரி, காற்றில் இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். நம் ஊர்க் காற்றுக்கு ஒரு யூனிட் செலவில் மூன்று யூனிட் வேலை வாங்கலாம். ஆனால் அது மிச்சப்படுத்துவது அந்த 1,500-ல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஆயிரம் ரூபாய். மிஷினின் விலையை அந்த ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை வருடம் ஆகும் என்று. அந்த ஆயிரமும் உங்களுக்கு வராது, மின்கட்டணம் கட்டுகிற குடித்தனக்காரருக்குப் போகும். நாற்பது பேர் தங்குகிற ஹாஸ்டல், லாட்ஜ், நர்ஸிங் ஹோம் என்றால் நானே ஹீட் பம்ப் போடச் சொல்வேன். மூன்று போர்ஷனுக்குக் கடைக்காரர் சொல்கிறார் என்றால் அவர் தன் மாதக் கணக்கைப் பார்க்கிறார்.

மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒன்று வைத்தால் இன்னொரு சிக்கல். அதன் மின்சாரம் எந்த மீட்டரில் ஓடும்? பொது இணைப்பில் என்றால் வீடுகளுக்குத் தருகிற இலவச யூனிட் அதற்குக் கிடையாது. பில்லை மூன்றாகப் பிரித்தால், "நாங்க ஊருக்குப் போயிட்டோம், எங்களுக்கு எதுக்கு" என்று ஆரம்பிக்கும். தண்ணீர் மோட்டார் பில்லுக்கே நடக்கிற சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சோலார் பற்றி உங்கள் மைத்துனர் சொல்வது ஊர் மாறிய யோசனை. பெங்களூரில் மாடிக்கு மாடி சோலார் டேங்க் நிற்கிறது, அங்கே காலையில் குளிர், பகலில் வெயில், பொருந்துகிறது. நமக்கு வெந்நீர் வேண்டிய நாட்கள் எவை? ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதை ஒட்டிய நாட்களும். வடகிழக்குப் பருவமழையில் நான்கு நாள் சூரியனையே பார்க்காமல் இருப்போம், அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் சளி. ஏப்ரல், மே மாதங்களில் சோலார் டேங்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் இருக்கும், தொட ஆள் இருக்காது. போர் தண்ணீரில் குழாய்க்குள் உப்பு படிவது வேறு.

அப்புறம் குழாயின் தூரம். மொட்டை மாடியிலிருந்து கீழ் வீட்டுப் பாத்ரூமுக்கு வளைந்து நெளிந்து 15 மீட்டர் வரும். முக்கால் அங்குலக் குழாயில் அந்த நீளத்துக்குச் சுமார் நாலரை லிட்டர் தண்ணீர் நிற்கும். கீழ் வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் முதலில் அந்த ஆறிய தண்ணீர்தான் வரும், கால் வாளி. அதைக் கீழே விட்டால்தான் வெந்நீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, நாமெல்லாம் குடத்தோடு லாரிக்கு நின்றோமே, அந்த ஊரில் தினமும் கால் வாளியைச் சாக்கடையில் விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாடி வீட்டுக்காரர் முந்திக் குளித்தால் கீழே வெந்நீரே வராது என்பது தனி. மொட்டை மாடியில் வடாம் காயப்போடுகிற இடமும் போகும், அந்தப் பஞ்சாயத்து என் அனுபவத்தில் மின்சாரப் பஞ்சாயத்தைவிடப் பெரியது. நீங்களே குடியிருக்கிற தனி வீடு, கூட்டுக் குடும்பம் என்றால் வேறு மாதிரி பேசுவேன்.

காஸ் கீசருக்கு என் பதில் ஒரே வார்த்தை, வேண்டாம். பாத்ரூமுக்குள் அது எரியும்போது உள்ளே இருக்கிற காற்றைத் தின்னும். காற்று குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. குளிக்கிறவருக்குத் தலை சுற்றும், கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. ஜன்னல் இருந்தாலும் மழைக்காலத்தில் மூடித்தான் வைப்பார்கள். வெளியே திறந்த பால்கனியில் மாட்டிக் குழாய் மட்டும் உள்ளே கொண்டுவரலாம் என்றால் சரி, ஆனால் கீழ் வீட்டில் அதற்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. மாடியில் வைத்தால் வேறு கஷ்டம். தொட்டிக்கும் கீசருக்கும் உயர வித்தியாசம் இரண்டு மீட்டர் என்றால் அழுத்தம் மிகக் குறைவு, பல மாடல்கள் பற்றிக்கொள்ளவே செய்யாது.

ஆக, சாதாரண மின்சார கீசர்தான். வீட்டுக்கு வீடு தனி, அவரவர் மீட்டர். அடுத்த தெரு பிளம்பருக்கும் கழற்றி மாட்டத் தெரியும். வாடகை வீட்டுச் சாமானுக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது. நீங்கள் புனேயில் இருக்கும்போது இது இன்னும் முக்கியம்.

என்ன அளவு? இப்போது இருக்கிற 25 லிட்டர் தேவையே இல்லை. 15 லிட்டர் டேங்க்கில் 60 டிகிரி வரை சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 40 லிட்டர் கிடைக்கும். இரண்டு வாளி. 2 கிலோவாட் எலிமென்ட் அதை மறுபடி சூடாக்க 17 நிமிடம். நான்கு பேர் வீட்டுக்குக் காலையில் முன்னே பின்னே குளிக்க இது தாராளம். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் விலை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். 3 கிலோவாட்டில் ஒரு வாளிக்கு ஆறு நிமிடம், தை மாதக் காலையில் எட்டு நிமிடம் ஆகும், வாளிக் குளியலுக்குப் போதும்தான். ஷவரில் குளிக்கிறவர் வந்தால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் போகும், தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டாது, புகார் வரும். வயரும் தடிமனாக வேண்டும். மூன்று வீட்டுக்கும் 15 லிட்டரே போடுங்கள், மூன்றும் ஒரே மாடல். உதிரி பாகம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்.

ஸ்டார் எத்தனை என்பதை அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். அந்த நட்சத்திரம் டேங்க்கில் நிற்கிற சூடு எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதைக் காட்டுகிறது. குளிப்பதற்கு இருபது நிமிடம் முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் வித்தியாசம் குறைவு. நாள் முழுக்க சுவிட்சைப் போட்டே வைக்கிறவர்களுக்குத்தான் அது பேசும். அப்படி வைக்கிறவர்களும் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பது பில் வந்த பிறகுதான் உறைக்கும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது உப்பு. உங்கள் பகுதியில் ஒரு வீட்டில் பத்து வருடக் கீசரைக் கழற்றினோம். 15 லிட்டர் டேங்க், தண்ணீரை வடித்துவிட்டுத் தூக்கினால் கை இழுக்கிறது. எலிமென்ட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெள்ளைச் சுண்ணாம்புச் சில்லுகள் முட்டை ஓடு நொறுங்கியது மாதிரி கொட்டின. ஒரு சொம்பு நிறைய அள்ளினேன். எலிமென்ட்டையே காணோம், உப்புக் கட்டிக்குள் அது ஒளிந்திருந்தது. அந்த உறையைத் தாண்டிச் சூடு வெளியே போக முடியாமல் கம்பி தனக்குள்ளேயே வெந்து, உறை வெடித்து, தண்ணீரில் கரண்ட் இறங்கும். உங்கள் மாடி வீட்டுச் சுரீரின் ஆரம்பம் இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அதனால் கண்ணாடிப் பூச்சு போட்ட டேங்க், இன்கோலாய் (அரிப்பைத் தாங்குகிற ஒரு கலப்பு உலோகம்) எலிமென்ட் உள்ள மாடலாகக் கேளுங்கள். உள்ளே மக்னீசியம் ஆனோடு என்று ஒரு கம்பி இருக்கும். டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக்கொள்வதே அதன் வேலை. போர் தண்ணீரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. டேங்க் ஓட்டையானதும் கம்பெனியைத் திட்டுவார்கள். எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்கிற தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியைத் தாண்டாமல் வைத்தால் உப்பு படிவது குறையும். 75-ல் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலப்பது உப்புக்கு விருந்து. வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து புதுக் குடித்தனம் வரும்போது மட்டும் ஒருமுறை முழுச் சூட்டில் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

மாட்டும்போது மூன்று விஷயத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். உள்ளே வரும் குழாயில் சேஃப்டி வால்வ் கட்டாயம். அது அதிக அழுத்தத்தை வெளியே விடும், தொட்டி காலியானால் கீசர் தண்ணீர் பின்னோக்கி இறங்காமலும் தடுக்கும். வெறும் டேங்க்கில் எலிமென்ட் ஓடிக் கருகுவது தண்ணீர்ப் பஞ்ச மாதங்களில் சாதாரணம். சிலர் "சொட்டுது" என்று அந்த வால்வின் வாயை அடைத்துவிடுகிறார்கள். அப்படி அடைத்த கீசர் ஒரு வெடிகுண்டு. இரண்டாவது, பாத்ரூமுக்கு வெளியே டபுள் போல் சுவிட்ச், பேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற மாதிரி. மூன்றாவது, மீட்டர் போர்டிலிருந்து கீசருக்கென்று தனி 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர். பழைய சாக்கெட்டையே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். டார்ச் அடித்து அதன் ஓட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஓரம் பழுப்பேறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இனி செலவு. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், எந்தப் பராமரிப்பு யாருடையது என்று ஒரு பட்டியல் உண்டு. வயரிங்கும் குழாய் மாற்றுவதும் வீட்டு உரிமையாளர் தலையில். கீசர் ரிப்பேர், சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர், குழாய் வாஷர் எல்லாம் குடித்தனக்காரர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. இதைக் காட்டி "கீசர் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட நினைக்காதீர்கள். ரிப்பேர் வேறு, ஆயுள் முடிந்த சாமானை மாற்றுவது வேறு. உங்கள் வீட்டில் கோளாறு எர்த்திலும் வயரிங்கிலும் இருக்கிறது, அது முழுக்க உங்களுடையது. கீசரையும் நீங்களே வாங்குங்கள். நீங்கள் வாங்காவிட்டால் அவர்கள் வாளிக்குள் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவார்கள். அந்த ராடுக்குக் கீசரே மேல்.

வாடகையை ஏற்றலாமா என்றால், மேம்பாட்டுக்காக ஏற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வேலை ஆரம்பிக்கும் முன்பே இவ்வளவு என்று குடித்தனக்காரரோடு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அது அமலுக்கு வரும். ரிப்பேருக்கு அது பொருந்தாது. ஷாக் அடிக்கிற வீட்டைச் சரிசெய்துவிட்டு அதற்கு வாடகை ஏற்றுவது நன்றாக இருக்காது என்பது என் அபிப்பிராயம். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வழக்கமாக ஏற்றுவதை ஏற்றிக்கொள்ளுங்கள். வருமான வரியில் இந்தச் செலவைத் தனியாகக் காட்ட முடியாது. வாடகையில் சொத்துவரி போக மீதியில் 30 சதவீதம் நீங்கள் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் கழிவு உண்டு, இதுவும் அதற்குள்தான். அட்வான்ஸில் கழிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, நம் ஊர்ப் பத்து மாத வழக்கம் எப்படி இருந்தாலும்.

வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சட்டத்திலும் இருக்கிறது, மரியாதையும் அதுதான். மூன்று வீட்டுக்கும் ஒரே நாளில் கரண்டை நிறுத்தாமல், எர்த் குழி ஒரு நாள், அப்புறம் வீட்டுக்கு ஒரு நாள் என்று பிரியுங்கள். வீடுகளில் முதலில் ஷாக் அடிக்கிற மாடி வீடு. மழை பிடிப்பதற்குள், ஆவணியில் முடித்துவிட்டால் நல்லது. கார்த்திகையில் எலக்ட்ரீஷியன் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

மாட்டி முடித்ததும் கீசரின் சீரியல் நம்பர், பில், வாரண்டி அட்டை மூன்றையும் படம் எடுத்து அந்தந்தக் குடித்தனக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். பில் உங்கள் புனே அலமாரியில் இருந்தால் சர்வீஸ் ஆள் வந்து சும்மா திரும்பிப் போவார். ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். "கரண்ட் போகும், பயப்படாதீங்க, போனால்தான் நல்லது" என்று அதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அழுத்திவிட்டு உங்களுக்குத்தான் போன் வரும்.